மேஜைமேல் வைத்த ரிசீவர்

“எந்தச் சுகந்தி?” என்றார் போனை எடுத்த கிளார்க்.

செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் சுகந்தி. அவள் புருஷன்தான் பேசுகிறேன், அவளுடைய அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்றான் அவன்.

கிளார்க் அசரவில்லை. இங்கே கூப்பிடுகிற எல்லோருக்கும் அவசரம்தான் என்றார். லைனில் இருக்கச் சொன்னார். ரிசீவரை மேஜைமேல் வைப்பது டொக்கென்று கேட்டது.

திருப்பூரில் அந்த பனியன் கம்பெனியில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆபீஸ் போனை விட்டால் அவளைப் பிடிக்க வழியில்லை.

இங்கே ஈரோட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மாமனார் கண்ணை மூடிக் கிடந்தார். அவன் ஸ்பீக்கரைப் போட்டு போனை அவர் தலையணையில் வைத்தான். இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம், பேச வேண்டியவர்களை இப்போதே பேச வைத்துவிடுங்கள் என்று டாக்டர் அவனை வராந்தாவுக்கு அழைத்துச் சொல்லியிருந்தார்.

கிளார்க் யாரையும் கூப்பிடவில்லை. மச்சினன் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் அளந்துகொண்டிருந்தார். ரசத்தில் உப்பே இல்லையாம்.

சார், சார் என்று இவன் தொண்டை வற்றக் கூப்பிட்டான்.

ஒருவழியாக நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவளை அழைத்துவரத்தான் போகிறார் என்று நம்பினான். பாவம்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரலே கேட்டது.

கிழவர் கண்ணைத் திறந்தார்.

அவள் போனுக்கு வரவில்லை. மேனேஜரிடம் லீவு கேட்க வந்திருந்தாள்.

“அப்பாவுக்கு முடியலீங்க சார். நாளைக்கு ஒரு நாளு…”

வியாழக்கிழமை சரக்கு போயாக வேண்டும், வெள்ளிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்றார் மேனேஜர்.



“சரிங்க சார். வெள்ளிக்கெழமையே போறனுங்க.”

வார்டே திரும்பிப் பார்க்க அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அந்த ரிசீவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருப்பாள்.

போனை எடுத்து இப்படிப் போட்டது யார், வெளியூர் பார்ட்டி கூப்பிட்டால் லைன் எப்படிக் கிடைக்கும் என்று மேனேஜர் சத்தம் போட்டார். ரிசீவரை அதனிடத்தில் ஒழுங்காக வைத்தார்.

மறுபடி அடித்தான். அதே கிளார்க். இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும், பாதியில் வைத்துவிட்டுப் போவது என்ன மரியாதை என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் டொக்.

அவனுக்கு அழுகைதான் வந்தது. போனை வெறித்துக்கொண்டு நின்றான்.

“மாப்ள.”

காலையிலிருந்து வாய் திறக்காத மனிதர்.

“சொல்லுங்க மாமா.”

“இன்னிக்கு என்ன கெழம?”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

வியாழன், விடிந்தால் வெள்ளி என்றான்.

கிழவர் கட்டில் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டார்.