கிளட்சின் கோபம்

லாரியின் கிளட்சுக்குப் புது டிரைவர் செல்வநாயகியைப் பிடிக்கவேயில்லை.

"பழைய டிரைவர் என்மேல வச்ச காலை எடுக்கவே மாட்டார். அவ்வளவு பாசம். இந்தம்மா கியர் மாத்த மட்டும் மிதிச்சிட்டு, உடனே காலை எடுத்துடுறாங்க" என்று பிரேக்கிடம் குறைபட்டது.

"மலை வரட்டும், பொறு" என்றது பிரேக்.

மலை வந்தது. முன்னால் பஸ் நின்றதால், வெங்காய மூட்டைகளோடு லாரியும் பாதி ஏற்றத்தில் நின்றது. பழைய டிரைவர் கிளட்சைப் பாதி மிதித்தே லாரியை நிறுத்தி வைப்பதால், வழக்கமாக அது கருகி நாறும் இடம் இது. செல்வநாயகி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலைத் தரையில் வைத்தாள். கிளம்பும்போது கிளட்சை ஒரே முறை மிதித்து, மெல்ல விட்டபடியே ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். லாரி துளியும் பின்வாங்காமல் ஏறியது.

உச்சியில் பிரேக் மோந்து பார்த்தது. வெங்காய வாசனை மட்டும்தான் அடித்தது.

"இன்னும் கோபமா?"

"பேசாம இரு. அடுத்த கியருக்கு என்னைக் கூப்பிடப் போறாங்க" என்றது கிளட்ச்.