ஒன்றுமில்லாத தட்டு

ஜன்னல் வெயிலில் மூடிபோட்ட வட்டத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவளான அக்கா சுவரைப் பார்த்து நிற்கிறாள். பல வருட உழைப்பின் முடிவைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. எனக்கு நிறைய இருக்கிறது, உழைப்பு என்னுடையதில்லையே. மண்ணிலிருந்து தக்காளி வேருக்குள் புகுந்து செடியையே வாட்டுகிற பூஞ்சை இது. வேரைத் தொட்டதும் பூஞ்சைக்குள் ஒரு புரதம் அடுத்ததைத் தட்டி எழுப்ப, அது இன்னொன்றை எழுப்ப, ‘துளை’ என்ற சேதி போய்ச் சேர்கிறது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அக்கா கழற்றிவிட்டாள். பிறகு வேருக்குப் பதிலாக ஒரு மெல்லிய தாளின் மேல் பூஞ்சையை வளரவிட்டு, முந்தாநாள் தாளோடு உரித்தெடுத்தாள். தாளைத் துளைத்திருந்தால் அடியில் பூஞ்சைக்குத் தீனியாக ஊற்றி உறையவைத்த கூழில் இந்நேரம் வெள்ளைப் பஞ்சு பூத்திருக்கும். கண்ணி கழற்றாத பூஞ்சையின் தட்டு மேசைமேல் அப்படித்தான் பூத்துக் கிடக்கிறது.

“என்னடா தெரியுது?”

“ஒண்ணும் தெரியலக்கா.”

“மூக்குக்கண்ணாடியத் துடைச்சிட்டுப் பாரு.”

“துடைச்சிட்டேன். இப்ப ஒண்ணுமில்லாதது இன்னும் பளிச்சுன்னு தெரியுது.”

அவள் திரும்பித் தட்டைப் பிடுங்குகிறாள். சாய்த்துப் பார்க்க, வெயில் கூழின் மேல் வழுக்கி ஓடுகிறது. ஒரு புள்ளிகூட இல்லை. “உன் பாச்சா பலிக்கலையா ராசா?” என்று அங்கே இல்லாத பூஞ்சையைக் கொஞ்சுகிறாள். நடையில் போகிற அலுவலகக் கணக்கர் எட்டிப் பார்த்து, “நல்லா கழுவியிருக்கீங்கம்மா” என்கிறார். அக்கா அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்குகிறாள்; விடுகிற வழியாக இல்லை.