ஆம்பிளை ஒராளிட்டக் குடுங்கோ

"வணக்கம், அவசர அழைப்பு. சொல்லுங்கோ."

மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, தலையணைக்குள்ளிருந்து வருவது போல ஒரு குசுகுசுப்பு.

"ஆம்பிளை ஆரும் இல்லையோ அங்க?"

நிஷாந்தினிக்குச் சுள்ளென்று ஏறியது. திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்த அந்த அவசர அழைப்புக் கந்தோருக்கு அவள் வேலைக்கு வந்து இரண்டு வருடம். பாம்பு, தீ, வெறிகாரப் புருஷன், கவிழ்ந்த படகு எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தவள். இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

"என்னட்டச் சொல்லுங்கோ. என்ன பிரச்சினை?"

"என்னைக் கடத்திக்கொண்டு வந்து வச்சிருக்கிறாங்கள். ஆம்பிளை ஒராளிட்டக் குடுங்கோ."

கடத்தி வைத்திருக்கிற இடத்திலும் மனுசனுக்கு ஆம்பிளைதான் வேண்டுமாம்!

அன்றைக்குக் கந்தோரில் இருந்த ஒரே ஆம்பிளை இராகுலன். அவன் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, புடவைக்கடைக்குள் மான் புகுந்த விஷயமாகக் கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயா, மானை வெளிய போ எண்டு நான் போனில எப்பிடிச் சொல்லுறது?"

நிஷாந்தினி திரும்பிக்கொண்டாள்.

"அவர் மானோட பிஸி. என்னோடதான் கதைக்கோணும். உங்கட பேர்?"

"அதை ஆம்பிளையிட்டச் சொல்லுறன். வச்சிட்டுத் திருப்பி எடுத்தால் வேற ஆள் எடுக்குமோ?"

"எடுக்காது. திருப்பியும் நான்தான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"சரி. வேனுக்குள்ள கவிட்டுப் போட்டுக் கொண்டுவந்தவங்கள். எந்த இடமெண்டு தெரியேல்ல. கைக்கட்டை ஒருமாதிரிக் கழட்டிட்டன். அவங்கட போன் ஒண்டு சார்ஜில கிடந்தது. பூட்டியிருக்கு, அவசர நம்பருக்கு மட்டும்தான் போகுது. ஆள் மாறிப் பிடிச்சிட்டாங்கள். அவங்கட பெரியவர் வந்துகொண்டிருக்கிறாராம். என்ர முகத்தைப் பாத்தால் அவருக்கு விளங்கிடும்."

"விளங்கினால் விட்டிடுவாங்கள்தானே?"

"அவங்கள் எல்லாற்ற முகத்தையும் நான் பாத்திட்டன். விடமாட்டாங்கள்."

நிஷாந்தினியின் கோபம் பாதி இறங்கியது. அப்போதுதான் அந்தக் குசுகுசுப்புக்குப் பின்னால் ஒரு பாட்டுக் கேட்டது. பேக்கரிப் பாணும் பணிஸும் தெருத்தெருவாக விற்கிற பாண் ஓட்டோவின் பாட்டு.

எல்லாப் பாண் ஓட்டோவுக்கும் ஒரே மெட்டுத்தான். ஆனால் இது சளி பிடித்த மாதிரி இழுத்து இழுத்துப் பாடியது. இந்த ஊரில் அப்படிப் பாடுவது முனீப் நானாவின் ஓட்டோ ஒன்றுதான். கந்தோருக்குப் பின்னேரப் பணிஸ் கொண்டுவருபவர் அவர். பற்றரியை மாற்றச் சொல்லி அவளே நாலுதரம் ஏசியிருக்கிறாள்.

திடீரென்று பாட்டு நின்றது.

"காவலுக்கு நிண்டவன் ஓட்டோவை மறிச்சிட்டான்," என்றது குசுகுசுப்பு. "பணிஸ் வாங்கிறான் போல."

ஆளைக் கடத்தினாலும் நாலு மணிக்குப் பசிக்கத்தானே செய்யும். நிஷாந்தினி தன் சொந்தப் போனை மற்றக் காதில் வைத்தாள்.

"முனீப் நானா, எங்க நிக்கிறீங்கள்?"

"உட்துறைமுகப் பக்கம், பூட்டிக் கிடக்கிற வலைக் கிட்டங்கிக்கு முன்னால. ஏன் தங்கச்சி, இண்டைக்கும் ஆறு பணிஸோ?"

"அங்க ஒருத்தர் வாங்க நிக்கிறாரோ?"

"ஓம், பத்துக் கேக்கிறார்."

"ஒவ்வொண்டா எடுத்து ஒவ்வொண்டாச் சுத்துங்கோ. கதை குடுங்கோ. ஆள் உள்ள போகக்கூடாது. ஏனெண்டு மட்டும் கேக்காதேங்கோ."

ஒரு பணிஸ் விற்க அரை மணித்தியாலம் கதைக்கிற மனுசன் முனீப் நானா. அந்தக் குணத்துக்கு ஊரே அவரைத் திட்டும். அன்றைக்கு நிஷாந்தினி மனதுக்குள் கும்பிட்டாள்.

இடத்தைக் கடதாசியில் எழுதி நீட்டினாள். இராகுலன் மானை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டுப் பொலிஸுக்கு அறிவித்தான்.

"ஐயா, இடம் பிடிச்சாச்சு. ஆறு நிமிஷத்தில பொலிஸ் வந்திடும்."

"அப்ப நீங்கள் போனை வையுங்கோ."

"வைக்கமாட்டன்."

"வையுங்கோ எண்டு சொல்லுறன்! இல்லாட்டி அந்த ஆம்பிளையிட்டக் குடுங்கோ!"

உயிர் போகிற நேரத்திலும் திருந்தாத சென்மம்! நிஷாந்தினிக்கு அந்த மனுசனைத் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் சாகவிடவும் மனம் வரவில்லை.

"ஏசுறதெண்டால் ஏசுங்கோ. நான் லைனில இருப்பன்."

"வாகனமொண்டு வருது..."

கதவு அடிபட்டது. யாரோ கத்தினார்கள். போன் எங்கேயோ விழுந்து உருண்டது.

"ஐயா! ஐயா!"

லைன் செத்துவிட்டது. நிஷாந்தினி எழுந்து நின்றாள். இராகுலன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்து சார்ஜன்ட் பக்கீர் எடுத்தார்.

"ஆள் பத்திரம் மிஸ். ஒரு கீறலும் இல்லை. வாகனத்தில வந்த பெரியவரையும் பிடிச்சாச்சு. பணிஸ் வாங்கப் போன காவல்காரன் கடைசிவரைக்கும் ஓட்டோக்காரரிட்டையிருந்து தப்பேல்ல."

"அப்பாடா!"

"முதலாளியெண்டு நினைச்சு, அவற்ற காரை ஓட்டிக்கொண்டு வந்த டிரைவரைத் தூக்கியிருக்கிறாங்கள் மடையங்கள். இவர் உங்களோட ஒரு சொல்லுக் கதைக்கவேணுமாம்."

நிஷாந்தினிக்குப் போன கோபம் சந்தோஷத்தோடு சேர்ந்து திரும்பி வந்தது.

"இப்ப மட்டும் என்னோடயோ? ஆம்பிளை ஒராள் இங்க சும்மாதான் இருக்கிறார், குடுக்கட்டோ எண்டு கேளுங்கோ."

போன் கைமாறியது. இந்தத் தரம் குசுகுசுப்பு இல்லை, முழுக் குரல்.

"நிஷா, அப்பாதான். அவங்கள் என்னை முடிக்கிற சத்தம் உன்ர காதில விழக்கூடாதெண்டுதான் பிள்ளை, ஆம்பிளை ஒராளைக் கேட்டனான்."