ஆவி பிடித்த அன்று

பனிக்காலம் வந்ததுமே பரணில் கிடந்த குண்டானுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. கீழே வீட்டுக்காரம்மா மங்கையர்க்கரசி விடாமல் தும்மிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நம்மை இறக்கிடுவாங்க. ஆவி பிடிக்கணும்ல?" என்றது குண்டான், பக்கத்திலிருந்த புதுப் போர்வையிடம்.

போர்வை வெலவெலத்துப் போயிற்று. "ஆவியா! எனக்குப் பேய் பிசாசுன்னாலே பயம் அண்ணே."

குண்டானுக்குச் சிரிப்புப் பொங்கியது. "அட அசடே, இது வெந்நீர் ஆவி! முன்னெல்லாம் பனி விழ ஆரம்பிச்சாலே போதும், வீட்டுக்காரர் அருணகிரி நொச்சி இலையை ஒடிச்சு வந்து எனக்குள்ள போட்டுக் கொதிக்க வைப்பாரு. 'சளி வந்தப்புறம் டாக்டர், வர்றதுக்கு முன்னே ஆவி'ம்பாரு. அவரு, பெண்டாட்டி, மகள், மூணு தலையும் ஒரே போர்வைக்குள்ள முட்டிக்கும். மனுஷன் போன பங்குனியில போய்ச் சேர்ந்துட்டாரு. அப்புறம் இந்த வீட்ல அவர் பேச்சையே யாரும் எடுக்கிறதில்லை."

மறுநாள் இரண்டையும் இறக்கினார்கள். வெந்நீர் தளதளத்தது. தாயும் மகளும் குண்டானுக்கு மேல் குனிந்து போர்வையை மூடிக்கொண்டார்கள்.

பிறகு மகள் மூக்கை உறிஞ்சினாள். "நொச்சி இல்லாம வாசனையே இல்லம்மா. அப்பான்னா பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டியாவது ஒடிச்சிட்டு வருவாரு."

"வேட்டியைக் கிழிச்சுக்கிட்டு வருவாருன்னு சொல்லு," என்றாள் தாய்.

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். உள்ளே சொட்டியது வியர்வையா கண்ணீரா என்று குண்டானுக்கே புரியவில்லை.

போர்வை மெல்லக் கிசுகிசுத்தது.

"அண்ணே, நிஜமாவே ஆவியைப் பிடிச்சுட்டாங்க. எனக்குப் பயமாவே இல்லை."