மாப்பிள்ளை வைத்த சான்றிதழ்

"மாப்பிள்ளை நம்மளை வேவு பார்க்கிறாரு" என்றார் அவர், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "யாரு, நம்ம மாப்பிள்ளையா?"

"நமக்கு என்ன பத்து மாப்பிள்ளையா இருக்காங்க?"

அலுவலகத்தில் இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர் அவர். தெரியாத எதையும் தொடாதே, கேட்டவனுக்கெல்லாம் பாஸ்வேர்டைச் சொல்லாதே என்று ஓயாமல் ஓதியதில் சகாக்கள் வைத்த பெயர் 'பூட்டு'. கிண்டல்தான் என்று தெரியும். இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்திருந்தது.

அந்தப் பூட்டின் சொந்த பிரவுசரிலேயே, பெரிய நிறுவனங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு நடுவே, மாப்பிள்ளை பெயரில் ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. போன தடவை வந்தபோது, "மெதுவா ஓடுது மாமா, பார்த்துத் தரேன்" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டது இதற்குத்தானா?

"இது இருந்தா நடுவுல ஒருத்தன் உட்கார்ந்து நாம பார்க்கிறதையெல்லாம் படிக்கலாம். தபால்காரன் கவரைப் பிரிச்சுப் படிச்சுட்டு, மறுபடி ஒட்டிக் குடுக்கிற மாதிரி."

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. எடுக்காதீங்க" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதே போதுமானதாக இருந்தது. 'நிச்சயமாக நீக்கவா?' என்று பிரவுசர் கேட்டது. இதையெல்லாம் என்னிடம் கேட்கிறாயா என்பது போல ஒரு தட்டுத் தட்டினார்.

அடுத்த நிமிடமே செய்தித்தாள் திறக்கவில்லை. வங்கி திறக்கவில்லை. வானிலைத் தளம்கூட, 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பாய் முறைத்தது.

"பார்த்தியா, எல்லாத்துலயும் கை வெச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கிறேன்."

பூண்டு உரித்த கை நின்றது. மகள் தானாகத் தேடிக்கொண்ட கல்யாணம் அது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் கழிந்து, இப்போதுதான் மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வரப்போக இருக்கிறார். ஒரு கேள்வி கேட்டால் மறுபடி வாசற்படி மிதிக்க மாட்டார்.

"அவரை ஒண்ணும் கேட்காதீங்க. நான்தான் போடச் சொன்னேன்" என்றாள். "எனக்காக."

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். பரிசு விழுந்திருக்கிறது என்று எது வந்தாலும் தன் கை சும்மா இருப்பதில்லை. அதனால் ஒரு காவல்காரனை வைக்கச் சொன்னாளாம். ஏமாற்றுத் தளங்களை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அந்தச் சான்றிதழ்தான் அதற்கு அடையாள அட்டை. அது இல்லாவிட்டால் பிரவுசர் காவல்காரனையே திருடன் என்று நினைத்துக்கொள்ளும்.

அவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"என் பக்கத்துலயே இருந்துக்கிட்டு நீ இப்படியா? போன மாசம் எனக்கும்தான் கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குன்னு மெசேஜ் வந்துச்சு. நான் பதறினேனா? அதுல இருந்த நம்பருக்கே போன் போட்டு, அந்த அதிகாரிகிட்ட முறையாப் பேசினேன். எவ்வளவு மரியாதையான மனுஷன். பாஸ்வேர்டு சொல்ற நேரத்துல கரண்ட் போகலேன்னா, அன்னிக்கே எல்லாம் சரியாகியிருக்கும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். வகுப்பில் யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "உங்க அத்தை பண்ற கூத்தெல்லாம் இப்பத்தான் தெரிஞ்சுது" என்று சிரித்தார். "அத்தையா?" என்று இழுத்தது மறுமுனை. பிறகு, "ஆமா மாமா, அத்தைக்காகத்தான்" என்றது. சான்றிதழை மறுபடி போடும் வழியையும் சொன்னது.

போட்டார். எல்லாத் தளமும் திறந்தது. பெருந்தன்மை பொங்க, மனைவியின் கணக்கையும் சரிபார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒரே கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்கு என்பது அவரே போட்ட சட்டம். அவர் நீக்கியது தன்னுடையதில்தான், அவள் பக்கம் போகவே இல்லை.

அவள் கணக்கில் எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. சான்றிதழ்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

மாப்பிள்ளை பெயரில் அங்கே எதுவும் இல்லை.

காவல்காரனை நிறுத்தியிருந்தது பூட்டின் வாசலில் மட்டும்தான்.

பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"அன்னிக்குக் கரண்ட் போச்சே... தெரு முழுக்கவா?"

"இல்லைங்க" என்றாள் அவள், அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டே. "நம்ம வீட்டுல மட்டும்தான்."