ஊருணி ரிப்போர்ட்டின் கனம்

"எழுத்தச் சின்னதாக்குங்க சார், சைஸ் தன்னால கொறையும்" என்றார் தலைமையாசிரியை அற்புதமேரி.

அறிவியல் ஆசிரியர் வெற்றிசெல்வன் எழுத்தைச் சின்னதாக்கினான். பதினான்கு பன்னிரண்டாகி, பன்னிரண்டு ஒன்பதாகி, கடைசியில் பக்கம் முழுக்க எறும்பு ஊர்வது மாதிரி ஆகிவிட்டது. ஃபைல் மட்டும் அசையவில்லை. அதே நூற்றுப் பத்து எம்பி.

விருதுக்கான இணையதளம் ஐந்து எம்பிக்கு மேல் வாங்காது. அதுவும் இன்று சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்தான். இப்போதே மணி நாலேகால்.

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற உயர்நிலைப் பள்ளி அது. பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் வந்து, ஊருணியில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலஞ்செடிகளைப் பிடுங்கி, குப்பை அள்ளி, கரையில் நாவலும் புங்கனும் நட்டிருந்தார்கள். பசுமைப் பள்ளி விருதுக்கு இந்த ரிப்போர்ட் போய்ச் சேர்ந்து தேர்வாகிவிட்டால் அத்தனை பேரும் சென்னைக்கு ரயிலில் போகலாம். பாதிப் பிள்ளைகள் ரயிலில் ஏறியதே இல்லை. ஜன்னல் சீட்டுக்கு இப்போதே அடிதடி.



கனத்துக்குக் காரணம் படங்கள்தான் என்று வெற்றிசெல்வனுக்கும் தெரியும். ஆனால் ரிப்போர்ட்டில் ஒட்டிய கையோடு ஒவ்வொரு படத்தையும் நறுக்கித் துண்டாக்கித்தானே வைத்திருக்கிறான்! முக்கால்வாசியை வெட்டி எறிந்த பிறகும் எங்கிருந்து வந்தது இத்தனை கனம்?

அற்புதமேரி சும்மா நிற்கிறவர் இல்லை. ஓரத்தில் இருந்த பூ டிசைனை எடுக்கச் சொன்னார். எடுத்தான். வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தான். தன் பெயருக்குப் பின்னால் வரிசையாக நின்ற பட்டங்களை எடுக்கவும் சம்மதித்தார். பாவம், அது பெரிய தியாகம். அதற்கும் ஃபைல் மசியவில்லை.

"இனி மாதாதான் காப்பாத்தணும். நான் ஆபீசுக்குப் போன் போட்டு டயம் கேட்டுப் பாக்குறேன், நீங்க இலக்கியா டீச்சரக் கூப்பிடுங்க" என்று செல்போனோடு வராந்தாவுக்குப் போனார்.

இலக்கியா கணக்கு டீச்சர். பெயரைக் கேட்டாலே வெற்றிசெல்வனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருஷமாக ஒரே ஸ்டாஃப் ரூம்தான். இதுவரை அவளிடம் அவன் துணிந்து கேட்டது சாக்பீஸ் மட்டும்.

அவள் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மவுஸை உருட்டிப் பார்த்தாள்.

"படத்த எல்லாம் இதுக்குள்ளயேவா சார் வெட்டுனீங்க? இதுல வெட்டுனா போகாது. உள்ளதான் மறஞ்சு கெடக்கும்."

வெற்றிசெல்வனுக்கு அது உறைக்க ஒரு நொடி ஆனது.  வேண்டாம் டீச்சர் என்று அவன் வாயெடுப்பதற்குள் அவள் முதல் படத்துக்குப் போய்விட்டாள். 

முதல் படத்தில் ஒரு நாவல் கன்று. அவள் படத்தை வெட்டுகிற கிராப் பட்டனை அழுத்தியதும் கன்றுக்கு இரண்டு பக்கமும் மீதிப் படம் மங்கலாக விரிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு நின்றாள் இலக்கியா.

இரண்டாவது, ஊருணிப் படிக்கட்டு. விரிந்தது. வழுக்கி விழப் போய்த் தப்பித்து, தன்னை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள் இலக்கியா.

மூன்றாவது, எருக்குழி. விரித்துப் பார்த்தால் எருக்குழி ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் இருந்தது. மிச்சமெல்லாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் இலக்கியா.

கள்ளப் பயல்! ஊருணியைப் படமெடுக்கச் சொன்னால் யாரை எடுத்து வைத்திருக்கிறான் பாருங்கள்.

அவள் நான்காவதைத் திறந்தாள். அடுத்ததையும் திறந்தாள். அப்படித் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒன்றுவிடாமல் கடைசிப் படம் வரைக்கும் திறந்து பார்த்தாள்.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றான் வெற்றிசெல்வன். கடலோரம் மீமிசல் பக்கம் எங்காவது தூரமாக மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவது என்று முடிவே பண்ணிவிட்டான்.

 வெட்டிய பகுதிகளை நீக்கலாமா என்று கேட்ட கட்டத்தில் டிக் அடித்தாள். மொத்தப் படங்களையும் சுருக்கி, வேறு பெயரில் சேமித்தாள். எறும்பு எழுத்தைப் பழையபடி பெரிதாக்கினாள். அற்புதமேரியின் பட்டங்களையும் மறக்காமல் திரும்பச் சேர்த்தாள். எல்லாம் சேர்ந்து நாலு எம்பி.

அனுப்பினாள். பச்சை டிக் விழுந்தபோது ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"மேடம், போயிருச்சு!" என்று இலக்கியா குரல் கொடுத்ததுதான் தாமதம், போனில் எந்த அதிகாரியிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதையே மறந்து அற்புதமேரி "ஏ, போயிருச்சுடா!" என்று மைதானத்தைப் பார்த்துக் கத்தினார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரையே அதிர்ந்தது. ரயில் கிளம்பிவிட்ட மாதிரி ஒருவன் கூவிக்கொண்டே ஓடினான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் இலக்கியா எழுந்தாள். அவன் பக்கம் திரும்பாமல், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்தப் பெரிய ஃபைல அழிச்சிராதீங்க சார். கல்யாணத்துக்கு பிளக்ஸ் அடிக்கிறப்ப சின்ன சைஸ் போட்டோ குடுத்தா மூஞ்சி ஒடஞ்சு தெரியும்."

யாருக்குக் கல்யாணம் என்று புரியாமல் வெற்றிசெல்வன் பேந்தப் பேந்த விழித்தான்.

வாசல் வரைக்கும் போனவள் நின்றாள்.

"அதுல ஒங்க போட்டோ ஒன்னுகூட இல்ல. நல்லதா ஒன்னு எடுத்து வைங்க."