நாற்பத்து மூன்றாவது புளியங்கொட்டை

அவள் வீட்டுச் சுவரில் மட்டும் எண் இல்லை.

பெயிண்ட் டப்பாவோடு வந்தவர் சந்தனமாரி அக்கா வீட்டுக் கதவோரம் சிவப்பில் 42 என்று எழுதினார். பிரஷை டப்பா விளிம்பில் வழித்தார். மூடியைத் தட்டி மூடினார்.

"அண்ணே, எங்க வீடு?"

கையிலிருந்த தாளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேப்பர்ல நாப்பத்திரெண்டுதாம்மா. உங்க வீடு இதுலயே இல்ல. கொடுத்து வச்சவங்க, போங்க."

எண் விழுந்த வீடுகள் பதினைந்து நாளில் காலி. ஏரிக்கரையில் பூங்கா வருகிறது.

ஒரு கணம் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தக் கணத்தைச் சந்தனமாரி அக்கா பார்த்துவிட்டாள்.

பூங்கா வருவது புதுச் செய்தி இல்லை. மாசியிலேயே பூங்காவுக்கு டிசைன் போடும் ஆபீஸிலிருந்து ஹரிணி வந்திருந்தாள். கூட மூன்று பேர், தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை. பம்படித் திடலில் எல்லோரையும் கூட்டினாள்.

"நாங்க ஆபீஸ்ல உக்காந்து போட்டா அது எங்க பூங்கா. நீங்க போட்டாத்தான் உங்க பூங்கா."

படம் போட வேண்டுமாம். தாளில் இல்லை, தரையில். கோலமாவில்.

"இவ போடுவா. எங்க லைனுக்கே கோலம் இவதான்" என்று முதுகில் கை வைத்துத் தள்ளியது சந்தனமாரி அக்காதான்.

ஊரை விட்டு வந்த ஆறு வருஷத்தில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

போட்டாள்.

ஏரிக்கு நீலப் பொடி. அதன் கிழக்கு வளைவு, உள்ளங்கை குழிந்த மாதிரி. மழையில் முதலில் தண்ணீர் ஏறும் இடம். கடைசியில் வடியும் இடம். உச்சி வெயிலிலும் நிழல் விழும் புங்க மரம். சேறு படாமல் பஸ் ஸ்டாப்புக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடக்கும் இருட்டு முனை.

"இங்க ஒரு லைட்டு வருமா?"

ஹரிணி எழுதிக்கொண்டாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"இனிமே நீங்கதான்க்கா எங்க பிளானர்."

பிறகு வீடுகள். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. அந்தக் கோடியிலிருந்து, பேர் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டே வந்தாள். ஒருத்தரையும் விடவில்லை.

போட்டோ எடுக்க எல்லோரையும் விலகச் சொன்னார்கள். ஹரிணி ஏணியில் ஏறினாள். அவளும் எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கொட்டை இல்லை.

படத்தில் அது அவள் வீடு இருக்கும் இடம். அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

அன்றைக்கு அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பினாள். கூடவே போனில் பேசியும் அனுப்பினாள்: "அம்மா, இது உம் மக வரைஞ்ச பூங்காம்மா."

இப்போது ரோட்டு முனையில் பலகை நிற்கிறது. அதே ஏரி, அதே உள்ளங்கை வளைவு. புங்க மரம் இருக்கிறது, அடியில் பெஞ்சு. இருட்டு முனையில் விளக்கும் இருக்கிறது. கேட்டது எல்லாமே இருக்கிறது.

கொட்டைகள் இருந்த இடத்தில் புல். அதன் மேல் ஷூ போட்ட இரண்டு பேர் சிரித்துக்கொண்டே நடக்கிறார்கள்.

மேலே பெரிய எழுத்தில்: மக்களோடு சேர்ந்து திட்டமிட்ட பூங்கா.

ஹரிணிக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"அக்கா, நாங்க டிசைன் மட்டும்தான்க்கா. வீடுங்க வேற டிபார்ட்மென்ட்."

அதற்குப் பிறகு போட்டபோதெல்லாம் மணி மட்டும் அடித்தது.

சாயங்காலம் குடத்தோடு பம்படிக்குப் போனாள். பேச்சு நின்றது. வரிசையில் அவள் குடத்துக்கு முன்னால் சந்தனமாரி அக்கா தன் குடத்தை வைத்தாள்.

"எங்க வீட்டையெல்லாம் பேர் சொல்லிக் கொட்டை வச்சு லிஸ்டுல ஏத்திட்டு, உன் வீட்டை மட்டும் எப்படிடி ஒளிச்ச?"

"அய்யோ, இல்லக்கா. சத்தியமா. நான் உக்காந்திருந்த எடம்க்கா அது."

"அதான் சொல்றேன். நல்லா எடம் பாத்துதான் உக்காந்திருக்க."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பும் உடனே நின்றுவிட்டது.

தண்ணீர் பிடிக்காமல் திரும்பினாள்.

அடுப்படி மாடத்தில் கோலப் பெட்டி இருந்தது. திறந்தாள். மாவுக்கு அடியில், காகிதத்தில் மடித்த காவிக்கட்டி. அதன் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை. அன்றைக்கு மிஞ்சியது. இத்தனை நாளும் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது.

அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காவியைச் சிரட்டையில் குழைத்தாள். துணியைச் சுருட்டி நனைத்தாள். வெளியே வந்து, பம்படிக்கு முதுகைக் காட்டி, கதவோரம் நின்றாள்.

நாலு நேராக வந்தது.

மூன்றில் கை பிசகியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

பின்னால் பம்பின் சத்தம் நின்றுபோனது.

அவள் திரும்பவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று, மூன்றின் வாலை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.